கோயில், கோட்டை, காடு: கிளம்பும் முன் கேளுங்கள்

கேள்வி: தாம்பரத்திலிருந்து காரில் கிளம்புகிறோம். நான், கணவர், பத்து வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். ஜனவரியில் ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. செஞ்சி, தஞ்சாவூர், மதுரை, திருமயம், முதுமலை, பந்திப்பூர், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்தால் முடிந்துவிடும் என்கிறார் கணவர். சரிதானா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வண்டி ஓடிவிடும், ஆனால் பாதி இடங்களைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுதான் பார்ப்பீர்கள். கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் அம்மா, நேரத்தை வைத்துப் போடுங்கள். நம் ஊர்க் கோயில்களில் பெரும்பாலும் பகல் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க மாலை 4 ஆகும். கோட்டை என்றால் வெயில் ஏறுமுன் ஏறி இறங்கிவிட வேண்டும். காட்டில் விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் நேரம், நடுப்பகலில் மானும் படுத்துக்கொள்ளும், பறவையும் ஒதுங்கிவிடும். அப்புறம் என்ன மிச்சம்? பகல் 11லிருந்து 4 வரை. அந்த நேரத்தைத்தான் சாலைக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். இது புரியாமல் நானும் ஒருமுறை வயதான பெற்றோரோடு பகல் ஒரு மணிக்குத் தாராசுரத்தில் போய் இறங்கினேன். சன்னதி சாத்தியிருந்தது, கல்தரை கொதித்தது, அம்மாவால் செருப்பில்லாமல் பத்தடி வைக்க முடியவில்லை. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் கனமான பருத்திக் காலுறை எடுத்து வையுங்கள், இதை மறக்கவே மறக்காதீர்கள்.

இனி உங்கள் பட்டியல். முதுமலை, பந்திப்பூர், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடித்துவிடுங்கள், அது தனியாக ஒரு பயணம். மதுரையும் திருமயமும் இந்தத் தடவை வேண்டாம். காடு போய்விட்டதே என்று பிள்ளைகள் முகம் சுளித்தால், வேடந்தாங்கலும் கோடியக்கரையும் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஜனவரிக்கு இரண்டுமே பொருத்தமான இடங்கள்.

முதல் நாள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் வேடந்தாங்கலில் வெளிச்சம் வரும்போது ஏரிக்கரையில் இருப்பீர்கள். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளும் என்று பட்டாசு வெடிக்காத ஊர் அது. எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் அங்குள்ள விவசாயிகளுக்குப் பறவைகள் வீட்டு ஆட்கள் மாதிரி. பெரியவனுக்கு ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள், சுமாரானதே போதும். அங்கிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சி. பகலில் அறை எடுத்துத் தூங்கிவிட்டு மாலையில் அடிவாரத்துக்கு மட்டும் போங்கள். கல்யாண மகால், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில் எல்லாம் கீழேயே இருப்பதால் மாமியாரும் பார்த்துவிடலாம்.

செஞ்சிக் கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரியை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணவரும் பெரியவனும் ஏறட்டும், சின்னவளை வற்புறுத்த வேண்டாம். படிகள் செங்குத்து, குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டப் பொட்டலம் வேண்டாம், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் பைக்குள் இருக்கட்டும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் வரும், அதன் மேல் ஒரு சின்ன மரப்பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. அந்த இடத்தில் பையனை நிறுத்திக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். 1690லிருந்து 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்தது, உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம் இருந்தார். ஏன் எட்டு வருடம் ஆனது என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் அவனுக்கே புரியும். தேசிங்கு ராஜன் கதையை முதல் நாள் ராத்திரியே சொல்லி வைத்திருந்தால் இன்னும் நல்லது. 2025இல் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் வந்திருக்கிறது, கூட்டம் கூடுவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பத்தரை, பதினொன்றுக்குள் இறங்கி, சாப்பிட்டுவிட்டு, விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையைப் பிடித்தால் நடை திறக்கும் நேரத்துக்குக் கங்கைகொண்ட சோழபுரம் வந்துவிடலாம். தஞ்சைக்கு முன்னால் இதைப் பார்க்க வைப்பது வேண்டுமென்றேதான். இங்கே விமானம் உள்வாங்கி வளைந்து ஏறும், தஞ்சையில் கோடு பிடித்தாற்போல் நேராக ஏறும். அப்பா ராஜராஜனுடையது எது, மகன் ராஜேந்திரனுடையது எது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வடக்குப் படிக்கட்டுப் பக்கம் சண்டேசர் தலையில் சிவபெருமான் பூமாலையைச் சுற்றும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். குனிந்திருக்கும் அந்தப் பிள்ளையின் தலையில் சாமி எவ்வளவு மெதுவாகக் கை வைத்திருக்கிறார் என்று பாருங்கள், எத்தனை தடவை போனாலும் எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வருவதில்லை.

ராத்தங்கல் கும்பகோணம். மூன்றாம் நாள் காலையில் தாராசுரம். அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. ஆறு வயதுக் குழந்தைக்கு அதுவே அரைமணி நேரம் ஓடும். பகலில் தஞ்சாவூர் போய் அரண்மனையில் உள்ள சிலைகளைப் பாருங்கள், வெயில் தாழ்ந்ததும் பெரிய கோயில். 1010இல் முடிந்த கோயில், அதை அரைமணியில் சுற்றிவிட்டு வராதீர்கள், இருட்டும் வரை உட்கார்ந்திருங்கள்.

நான்காம் நாள் திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். மதியம் ஓய்வு, மாலை கோடியக்கரை. வெளிமான்களைப் புல்வெளியில் பார்க்கலாம், கருமுதுகும் முறுக்கிய கொம்பும் உள்ளது ஆண். காரை விட்டு இறங்காதீர்கள், பாட்டை அணைத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் காலையில் நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, வேதாரண்யம் கோயிலில் அப்பர் பாடித் திறந்ததாகச் சொல்லும் கதவின் கதையை மாமியார் வாயாலேயே பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்துவிட்டு, நாகப்பட்டினம் வழியாகக் கிளம்புங்கள். வழியில் தரங்கம்பாடி, 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மதியத்திலும் கடல்காற்று இருக்கும். அப்புறம் வீடு வரை நீண்ட ஓட்டம்தான், ஆகவே கணவரை அன்று பகலுக்குமேல் வேறு எங்கும் இழுக்காதீர்கள்.

ஒன்றே ஒன்று. டெல்டாவில் இருட்டிய பிறகு கைபேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியை நம்பாதீர்கள். என்னை ஒருமுறை வாய்க்கால் கரை மேல் கொண்டுபோய் விட்டது, வண்டியைத் திருப்ப இடமில்லாமல் ஒரு கிலோமீட்டர் பின்னாலேயே வந்தேன்.

கேள்வி: ஊட்டியிலிருந்து மசினகுடி வழியாக இறங்கி, பந்திப்பூர் தாண்டி மைசூரு போக ஆசை. ராத்திரியே கிளம்பினால் நெரிசல் இருக்காது, யானையும் கண்ணில் படும் என்கிறார்கள் நண்பர்கள்.
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ராத்திரி போகவே முடியாது. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9லிருந்து காலை 6 வரை அடைக்கப்பட்டிருக்கும். 2009இல் இருந்து இதுதான் நடைமுறை, வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகள்தான் காரணம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அதில் வெளியூர் வண்டிகள் இறங்க அனுமதி இல்லை, நீங்கள் கூடலூர் வழியாக இறங்குங்கள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பகலிலும் யானை கண்ணில் படலாம். பட்டால் தள்ளியே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், அது கடந்து போகட்டும். செல்ஃபி எடுக்க இறங்கும் நண்பர் கூட வந்தால் அவரைப் பின்சீட்டில் நடுவில் உட்கார வையுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் முதுமலையில் காட்டைச் சுற்றிக் காட்டும் வாகனச் சவாரியை நிறுத்திவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: திருச்சியில் படிக்கிறோம். இரண்டு பைக், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் காசு குறைவு. எங்கே போகலாம்?
- ஒரு மாணவர், திருச்சி

பதில்: புதுக்கோட்டைப் பக்கம் போங்கள் தம்பி. விடிந்ததும் நார்த்தாமலை, விஜயாலய சோழீச்சுரத்தின் வட்டக் கருவறையைச் சுற்றிவிட்டு எதிரே குடைவரையில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால்களைப் பாருங்கள். அடுத்து சித்தன்னவாசல், விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம் இருக்கிறது, கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். திருமயம் கோட்டையை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதே மலையைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் கோயில் உண்டு. மயில் பார்க்க வேண்டுமானால் விராலிமலை, ஆனால் அதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்குமே வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து.