காலராவும் முயலின் குடலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன். காலரா நச்சைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். கல்கத்தா விஞ்ஞானி சம்புநாத் டேயின் ஆய்வுகளை எடுத்துக்கொண்டேன். “காலராவின் கிருமி யாரென்று 1884-லேயே ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக் சொல்லிவிட்டார். டே முயலின் குடலைக் கட்டி ஊசி போட்டார், அவ்வளவுதானே? அது வெறும் செய்முறை” என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். என்ன பதில் சொல்வது?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

செய்முறைதான். ஆனால் டேயின் சிந்தனை முழுவதும் அந்தச் செய்முறையில்தான் இருக்கிறது.

இந்தக் கிருமி ஏதோ விஷத்தைக் கக்குகிறது என்று கோக்கே ஊகித்திருந்தார். பிறகு அதைத் தேடியவர்கள் பெரும்பாலும் கிருமியைப் பிராணியின் ரத்தத்திலோ வயிற்றறையிலோ ஏற்றினார்கள். பிராணி செத்தது, பேதி ஆகவில்லை. கொன்றது கிருமியின் மேலுறையில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற வேறொரு நச்சு. அதையே காலராவின் விஷம் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். குடலுக்குள் இவ்வளவு தண்ணீர் எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வியை டே பிடித்துக்கொண்டார். அதற்கு விடை தேட வேண்டிய இடம் குடல்தான்.

1953-ல் டே, உடன் ஆய்ந்த சாட்டர்ஜியுடன் வெளியிட்ட சோதனையை விரிவாகச் சொல்லுங்கள். முயலை ஒரு நாள் பட்டினி போட்டு, மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறக்க வேண்டும். சிறுகுடலில் சுமார் 4 அங்குலத்தை இரு முனையிலும் பட்டு நூலால் கட்டி, உள்ளே 1 மில்லி வளர்ப்பை, அதாவது கிருமி வளர்ந்த திரவத்தை, செலுத்தி, குடலைத் திரும்ப வைத்துத் தைக்க வேண்டும். மறுநாள் திறந்தால் அந்தத் துண்டு மட்டும் உப்பி விறைத்திருக்கும். உள்ளே அரிசி களைந்த தண்ணீர் போன்ற திரவம், காலரா நோயாளிக்குப் போவது போலவே.

நூல் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். வளர்ந்த முயலுக்குக் காலராக் கிருமியை வாய்வழி கொடுத்தால் நோய் வராது. குடலின் அசைவே அதைத் தள்ளிவிடும். கட்டு அதை ஓரிடத்தில் நிறுத்துகிறது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. கட்டும்போது மெசென்ட்ரியின் (குடலைத் தாங்கும் சவ்வின்) ரத்தக்குழாய் நூலுக்குள் சிக்கினால் குடல் கறுத்து ரத்தம் கலந்த நீர் சேரும். அதைக் கிருமியின் வேலை என்று எண்ணி ஏமாந்துபோகலாம். ஊசித் துளை கட்டுக்குள்ளேயே இருந்தால் வளர்ப்பு கசியும். துளையை ஒதுக்கி உட்புறமாக இன்னொரு கட்டு போட வேண்டும். கிருமி சேர்க்காத வெறும் ஊடகம் (வளர்ப்புத் திரவம்) ஏற்றிய இன்னொரு துண்டு சுருங்கியபடியே இருக்க வேண்டும். அதுவும் உப்பியிருந்தால் அன்றைய முடிவைத் தூக்கிப் போடுங்கள். திரவத்தை மில்லியில் அளந்து துண்டின் நீளத்தால் வகுப்பது பின்னாளில் வழக்கமானது.

குடலைக் கட்டும் உத்தியை 1915-லேயே வியோல், கிரெண்டிரோப்புலோ என்ற ஆய்வாளர்கள் கையாண்டிருந்தார்கள். பிறகு அது மறக்கப்பட்டது. யாராவது சுட்டிக்காட்டினால் மறுக்க வேண்டாம்.

1959-ல்தான் முடிச்சு அவிழ்ந்தது. வளர்ப்பை வடிகட்டி, கிருமியே இல்லாத நீரைக் கட்டிய குடலில் ஏற்றினார் டே. குடல் அப்படியே உப்பியது. அப்படியானால் கிருமி விஷத்தை வெளியே சுரக்கிறது. நேச்சர் இதழில் அது வெளியானது. இதற்கு மூன்று வருடம் முன்பே, பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வகைகளையும் இதே முறையில் சோதித்திருந்தார் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

டே எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை. குடலில் தண்ணீர் சேரக் காரணம் ரத்த நுண்குழாய்களின் கசிவு என்று 1953-ல் அவர் நினைத்தார். 1969-ல் ஃபின்கெல்ஸ்டீன், லோஸ்பலூட்டோ என்ற ஆய்வாளர்கள் நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அது ஏ, பி என்ற இருவகை அலகுகள் சேர்ந்த புரதம். அதன் ஐந்து பி அலகுகள் குடல் செல்லைப் பற்றிக்கொள்ள, ஒரு ஏ அலகு உள்ளே போய், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறின் அளவை ஏற்றிவிடுகிறது. குளோரைடு செல்லிலிருந்து குடலுக்குள் வெளியேற, தண்ணீர் பின்னாலேயே போகிறது. குடல் படலம் உரிந்துபோவதில்லை. குளுக்கோஸுடன் சோடியத்தை உறிஞ்சும் வழியும் கெடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-குளுக்கோஸ் கரைசல் வேலை செய்வது அதனால்தான்.

நீங்கள் நோயெதிர்ப்பியல் பக்கமும் போவதாக இருந்தால் டுகோரல் என்ற காலரா தடுப்பூசியைப் பாருங்கள். பெயர்தான் தடுப்பூசி, குடிப்பது வாய்வழி. கொன்ற கிருமியோடு நச்சின் பி அலகும் அதில் உண்டு. ஏ இல்லாததால் பேதி ஆகாது. குடலிலேயே எதிர்ப்பொருள் உருவாகிறது.

1978-ல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு டேயை அழைத்தார்கள். 1985-ல் இறக்கும்வரை இந்திய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. வகுப்பில் இதையும் சொல்லுங்கள். 1959 கட்டுரை இரண்டே பக்கம். பேசப் போகும் முன் மூலத்தையே படித்துவிடுங்கள்.