காட்டு நெட்டில் இலைச் சாறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இமயமலைச் சரிவுகளில் தானாக முளைக்கும் நெட்டில் (ஊர்டிகா) செடியை கட்வால் மக்கள் ‘கண்டாலி’ என்பார்கள். தொட்டால் தேள் கொட்டியதுபோல் எரிவதால் ‘பிச்சு காஸ்’ என்ற பெயரும் உண்டு. அதன் இலையிலுள்ள பயனுள்ள சேர்மங்களைச் சூழலைக் கெடுக்காமல் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இலைச் சேர்மங்களைக் கரைத்தெடுக்க எங்கள் ஆய்வகத்தில் மெத்தனாலும் ஹெக்சேனும்தான் வழக்கமான கரைப்பான்கள். இவற்றுக்கு மாற்று உண்டா? (ஆய்வு மாணவி, கோவை)

உண்டு. உங்களுக்கு எந்தச் சேர்மம் வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். குளோரோஜெனிக் அமிலம், ரூட்டின் போன்ற பீனாலிக் சேர்மங்கள்தான் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தாவரப் பொருள்கள்) இலக்கு என்றால், நீரும் எத்தனாலும் ஏறத்தாழச் சரிபாதி கலந்த கரைசல் போதும். தூய எத்தனாலைவிட இது நன்றாக வேலை செய்யும். நீர் உலர்ந்த திசுவை உப்பச் செய்கிறது, எத்தனால் சேர்மத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. மெத்தனாலுக்கு இங்கே வேலையே இல்லை.

லூட்டீன், பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகள் கொழுப்பில் கரைபவை. இவற்றுக்குத்தான் பலர் ஹெக்சேனை எடுக்கிறார்கள். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகளைப் பாதிக்கும். அதற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தலாம். ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸ், 74 பார் என்ற மாறுநிலையைக் கடந்ததும் அது வாயுவைப்போல் ஊடுருவும், திரவத்தைப்போல் கரைக்கும். அழுத்தத்தைத் தளர்த்தினால் பிரிந்து போய்விடும். சாற்றில் கரைப்பான் மிச்சம் இராது. பீனாலிக் சேர்மங்களை அது பெரும்பாலும் கரைக்காமல் தூளிலேயே விட்டுவிடும் என்பதும் நமக்கு நல்லதே. முதலில் கார்பன் டை ஆக்சைடு, அடுத்து நீர்-எத்தனால் என ஒரே இலைத்தூளை இருமுறை பயன்படுத்துங்கள்.

மீயொலிக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வில் நுண்குமிழ்கள் தோன்றி வெடித்துச் செல்சுவரைக் கிழிக்கின்றன. மணிக்கணக்கில் ஊறவேண்டியது நிமிடங்களில் முடிகிறது. கலன் சூடேறும், எனவே குளிர்நீர்ச் சுற்று கட்டாயம்.

இரண்டு விஷயங்களில் நான் கண்டிப்பானவன். மொத்த பீனாலிக் அளவை நிறமாற்றத்தால் காட்டும் ஃபோலின்-சியோகால்டோ சோதனையை மட்டும் வைத்து ‘இவ்வளவு பீனாலிக்’ என்று எழுதாதீர்கள். வைட்டமின் சி உள்ளிட்ட பிற பொருள்களும் அதில் நிறம் காட்டும். ஹெச்பிஎல்சி எனும் உயர்திறன் திரவ வண்ணப்பிரிகையில் சேர்மங்களைத் தனித்தனியே அளந்து காட்டுங்கள். அடுத்து, இலையை உலர்த்தவும் கரைப்பானை ஆவியாக்கி மீட்கவும் ஆன மின்சாரத்தைக் கணக்கில் சேருங்கள். அந்தக் கணக்கு இல்லாத முறையைப் பசுமை முறை என்று நான் ஏற்பதில்லை.

கோலின் குளோரைடு சேர்த்த ஆழ்-யூடெக்டிக் கரைப்பான்கள்தான் எதிர்காலம் என்கிறார்களே? (பேராசிரியர், திருச்சி)

இரண்டு பொருள்களைக் கலந்ததும் உருகுநிலை வெகுவாகக் குறைந்து திரவமாகும் கலவைகளே இந்தக் கரைப்பான்கள். அவை ஆவியாவதில்லை, எளிதில் தீப்பிடிப்பதில்லை, பீனாலிக் சேர்மங்களை நன்றாக இழுக்கின்றன. ஆனால் ஆவியாகாததே சிக்கலும்கூட: சாற்றிலிருந்து அவற்றைப் பிரிப்பது கடினம். கரைப்பானோடு சேர்த்தே விற்கலாம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளில் கோலின் குளோரைடு தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. கிளிசரின் அல்லது கரிம அமிலங்களை அடிப்படையாகக் கொண்ட கலவைகளை முயன்று பாருங்கள்.

எங்கள் வேலியோரம் வளரும் காஞ்சொறியும் எரிகிறது. அதன் இலையைப் பயன்படுத்தலாமா? (விவசாயி, திண்டுக்கல்)

கூடாது. காஞ்சொறி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெட்டில் வேறு குடும்பம், வேறு வேதியியல். காஞ்சொறி பற்றிப் படரும், இலைகள் மாறி மாறி அமையும். ஊர்டிகா நெட்டில் நிமிர்ந்து வளரும், இலைகள் எதிரெதிராக இருக்கும். நீலகிரிச் சோலைகளில் காணப்படும் ஜிரார்டினியா நெட்டில் குடும்பம்தான். ஆனாலும் அதன் இலைகள் மாறி மாறி அமைந்தவை. அது பெயர் பெற்றது தண்டு நாருக்காக. ஒன்றின் ஆய்வு முடிவை மற்றொன்றுக்குப் பொருத்தாதீர்கள்.

சாற்றிலும் எரிச்சல் தொடருமா? (வாசகி, சென்னை)

தொடராது. செடியின் முடிகளிலுள்ள, கண்ணாடி ஊசி போன்ற சிலிக்கா முனை உடைந்து, உள்ளிருக்கும் ஹிஸ்டமின், அசிட்டைல்கோலின் போன்றவை தோலுக்குள் செலுத்தப்படுவதால்தான் எரிகிறது. உலர்த்தினாலும் வேகவைத்தாலும் ஊசி பயனற்றுப் போகும். பச்சை இலையைப் பறிக்கும்போது மட்டும் தடித்த கையுறை அணியுங்கள்.

மகளிர் குழுவாகச் சிறிய அளவில் தொடங்க விரும்புகிறோம். பெரிய கருவி இல்லாமல் முடியுமா? (உத்தரகண்டில் பணிபுரியும் தமிழர்)

முடியும், வெறும் நீரே போதும். நிழலில் உலர்த்திய இலையைத் தூளாக்கி, கொதிநிலைக்குக் கீழே உள்ள சுடுநீரில் சில நிமிடங்கள் ஊறவைத்து வடியுங்கள். இது நீண்ட நாள் கெடாமல் இருக்காது. ஆகவே சாறாக விற்காமல் உலர் இலையாக விற்பதே பாதுகாப்பு. எத்தனால் கரைசலில் எடுக்க வேண்டுமானால் ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் தேவை. மெத்திலேற்றிய ஸ்பிரிட்டை உணவுப் பொருளில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள மெத்தனால் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

பறிப்பதில்தான் உங்கள் பெண்களின் அனுபவம் உதவும். பூப்பதற்கு முன் நுனித் தளிரை மட்டும் வெட்டுங்கள். கிழங்குபோல் மண்ணுக்குள் ஓடும் தண்டைப் பிடுங்காவிட்டால் செடி மீண்டும் தழைக்கும். பட்டாம்பூச்சிப் புழுக்கள் சில இந்த இலையையே நம்பியிருக்கின்றன, எனவே ஒரு புதரை முழுதாக மொட்டையடிக்காதீர்கள். நெடுஞ்சாலையோரமும் குப்பைமேட்டிலும் பறிக்கவேண்டாம்: மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் இலைக்கு வரக்கூடும். பிழிந்த சக்கையை உரக்குழியில் இடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கும் என் தந்தை இதைக் குடிக்கலாமா? (வாசகர், மதுரை)

மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நெட்டில் இலையில் வைட்டமின் கே மிகுதி. அது வார்ஃபரினின் செயலைக் குறைத்துவிடும்.