ரெட் கேமரா ஃபுட்டேஜை ப்ரோரெஸ்ஸாக மாற்றும்போது கலர் ஸ்பேஸ், காமா எதை வைப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ரெட் கேமராவில் எடுத்த குறும்படம், ரெட்டின் ஒரிஜினல் ரா ஃபைல்களான ஆர்3டி ஃபைல்கள் எடிட்டரின் லேப்டாப்பில் திக்கித் திணறுகின்றன, எடிட்டுக்கு இலகுவான ப்ரோரெஸ்ஸாக மாற்றலாம் என்று ரெட்டின் ரெட்சினி-எக்ஸ் சாஃப்ட்வேரைத் திறந்தால் கலர் ஸ்பேஸ் (நிறங்களின் எல்லை) பட்டியலும் காமா (வெளிச்சத்தை எண்ணாக்கும் வளைவு) பட்டியலும் நீளமாகக் கிடக்கின்றன. ஒரு நண்பர் சாதாரண டிவிக்கான ரெக்.709 வை என்கிறார், இன்னொருவர் கேமராவின் ரேஞ்சைக் கிரேடுக்காகச் சுருக்கி வைக்கும் லாக்தான் சரி என்கிறார். போதாக்குறைக்கு, மாற்றிப் பார்த்த ஃபைல் க்விக்டைமில் வெளிறிப்போய்த் தெரிகிறது.

நண்பர்கள் இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒரு விஷயத்தை இருவருமே உங்களிடம் கேட்கவில்லை. எடிட் முடிந்ததும் டிஐக்கு (கலரிஸ்ட் நிறத்தைச் சரிசெய்யும், அதாவது கிரேட் செய்யும் கட்டத்துக்கு) எந்த ஃபைல் போகிறது? கலரிஸ்ட் மறுபடி ஆர்3டியைத் திறக்கப் போகிறாரா, இல்லை இப்போது நீங்கள் மாற்றும் ப்ரோரெஸ்தான் கடைசி வரை போகுமா? அதைத் தெரிந்துகொண்டு வந்தால் பட்டியலில் முக்கால்வாசிப் பெயர்களைப் பார்க்கவே தேவையில்லை.

எதற்கும் முன்னால், கலர் சயன்ஸ் (ரெட்டின் நிறக் கணக்கு முறை) ஐபிபி2 என்று இருக்கிறதா பாருங்கள். ரெட்காமா4, ட்ராகன்கலர்2, ரெட்லாக்ஃபிலிம் எல்லாம் 2017க்கு முந்தைய முறையைச் சேர்ந்தவை. பழைய ப்ராஜெக்டோடு பொருத்த வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆர்3டிக்குத் திரும்பப் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ரெக்.709, காமா பிடி.1886. அளவு 1080, கோடெக் ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது எல்டி, டீபேயர் (ரா டேட்டாவை நிறப் படமாக்கும் தரம்) பாதி போதும். டோன் மேப் மீடியம், ஹைலைட் ரோல்-ஆஃப் சாஃப்ட் என்று வைத்தால் பெரும்பாலான ஷாட்டுகள் பார்க்கிற மாதிரி இருக்கும். இந்த ஃபைலின் வேலை எடிட் டேபிளோடு முடிந்துவிடுகிறது, அதில் என்ன இழந்தாலும் கவலையில்லை, ஃபைல் பெயரும் டைம்கோடும் மட்டும் ஒரிஜினலோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கன்ஃபார்ம் செய்கிறவர் (எடிட்டை ஒரிஜினல் ஃபைல்களோடு திரும்ப இணைப்பவர்) உங்களைத் திட்டித் தீர்த்துவிடுவார். எடிட்டருக்கு லாக் ஃபைலைக் கொடுத்து அப்படியே மாதக்கணக்கில் பார்க்க வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. சாம்பல் பூத்த அந்தப் படத்துக்கே டைரக்டரின் கண் பழகிவிடும், பிறகு டிஐயில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் "முன்னாடி இருந்ததுதானே நல்லா இருந்துச்சு" என்பார். (உண்மையைச் சொன்னால், ஜிபியு கொஞ்சம் சுமாராக இருந்தாலும் டாவின்சி ரிசால்வில் டிகோட் குவாலிட்டியைக் கால்வாசிக்கு இறக்கி ஆர்3டியையே நேரடியாக ஓட்டிப் பார்க்கலாம். பல சமயம் மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது.)

இரண்டாவது நிலைமைதான் சிக்கல். ஹார்ட் டிஸ்க் திரும்பக் கொடுத்தாக வேண்டும், அல்லது கலரிஸ்ட் ஆர்3டி வேண்டாம் ப்ரோரெஸ் கொடுங்கள் என்கிறார், அல்லது எல்லாருக்கும் தெரிந்த அந்தக் கதை, "டிஐக்கு நேரம் இல்லை, எடிட்டில் இருப்பதையே கிரேட் பண்ணிடுங்க". இப்படி நடக்க வாய்ப்பு இருந்தாலே ரெக்.709 கூடாது. ஜன்னல் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்3டியில் ஜன்னலுக்கு வெளியே மரமும் எதிர்வீட்டுச் சுவரும் இருக்கும். ரெக்.709 ஆக்கியதும் அந்தப் பகுதி முழுக்க மேல் நுனியில் சில லெவல்களுக்குள் நசுங்கிவிடும், பிறகு கலரிஸ்ட் ஹைலைட்டை எவ்வளவு இறக்கினாலும் வெள்ளை சாம்பலாகுமே தவிர மரம் வராது.

அதனால் கலர் ஸ்பேஸ் ரெட்வைட்காமட்ஆர்ஜிபி, காமா லாக்3ஜி10, கோடெக் ப்ரோரெஸ் 4444, டீபேயர் முழுசு, எடுத்த ரெசல்யூஷனிலேயே. 422 ஹெச்க்யூ 10 பிட், 4444 12 பிட் வரை தாங்கும். ஒரு கேமராவின் மொத்த ரேஞ்சையும் லாக்கில் அடக்கிவிட்டுப் பிறகு கிரேடில் இழுக்கும்போது அந்த வித்தியாசம் வானத்திலும் வெறும் சுவரிலும் பேண்டிங்காக, அதாவது பட்டை பட்டையாகத் தெரிய வரும். இடம்தான் பிரச்சினை. 3840க்கு 2160 அளவில் 24 ஃப்ரேமுக்கு 4444 ஒரு மணி நேரத்துக்கு 477 ஜிபி கேட்கும், ஹெச்க்யூ 318. இடம் இல்லையென்றால் ஹெச்க்யூவில் லாக் வையுங்கள், 4444இல் ரெக்.709 வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒன்று கவனிக்க வேண்டும். லாக்கில் மாற்றினால் எல்லாம் அப்படியே பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஆர்3டியில் ஐஎஸ்ஓவும் ஒயிட் பேலன்ஸும் வெறும் மெட்டாடேட்டா, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ப்ரோரெஸ் ஆன நொடியில் அவை படத்துக்குள் வெந்துவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு சீனாகத் திறந்து கெல்வினைச் சரிபாருங்கள். செட்டில் யாரோ 3200இல் விட்டுவிட்டுப் போன வெளிப்புற ஷாட் நிச்சயம் ஒன்றாவது இருக்கும்.

மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கோப்பை (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். லாக்3ஜி10இல் 18 சதவீத சாம்பல் நிறம் சரியாக மூன்றில் ஒரு பங்கில் உட்காரும், 10 பிட் முழு ஸ்கேலில் 341 வாக்கில். செட்டில் கிரே கார்டு எடுத்திருந்து, எக்ஸ்போஷரும் ஒழுங்காக இருந்தால் வேவ்ஃபார்ம் ஸ்கோப்பில் அந்தக் கார்டு அங்கே நிற்க வேண்டும். சாம்பலுக்கு மேல் 10 ஸ்டாப்பைத்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இந்த கர்வ் உச்சமாக வைத்திருக்கிறது, அவ்வளவு உயரம் சாதாரண ஷாட் எதுவும் போகாது, அதனால் வேவ்ஃபார்மின் மேல் பகுதி காலியாக இருக்கும். அதைப் பார்த்து அண்டர் எக்ஸ்போஸ் என்று பயந்து ஐஎஸ்ஓவை ஏற்றி மாற்றிவிடாதீர்கள்.

கலர் ஸ்பேஸும் காமாவும் ஜோடி. ஒன்றை ஒரு குடும்பத்திலிருந்தும் மற்றொன்றை இன்னொரு குடும்பத்திலிருந்தும் எடுத்தால் சாஃப்ட்வேர் மறுக்காது, ஏதோ ஒரு படத்தைக் காட்டும், அதுதான் ஆபத்து. ஆரி கேமராவிலும் இதே கதை. அலெக்ஸா 35 வந்த 2022இல் லாக்சி4 என்ற புது லாக் காமா வந்தது. அதற்குப் பழைய லாக்சி3 லட்டை (லாக்கைப் பார்க்கும்படியான நிறமாக மாற்றும் அட்டவணையை) போட்டால் படம் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டாப் இருண்டு நிற்கும், கேமராமேன் அண்டராக எடுத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பும். அது பெரிய தப்பு என்பதால் யாராவது பிடித்துவிடுவார்கள். சோனியில் எஸ்-லாக்3 ஒன்றேதான், ஆனால் அதோடு கலர் ஸ்பேஸாக எஸ்-காமட்3யும் வரும், எஸ்-காமட்3.சினியும் வரும். மாற்றிப் போட்டால் வெளிச்சம் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் கொஞ்சம் விலகும், தோல் நிறத்தில் என்னவோ இடிக்கிறதே என்று கலரிஸ்ட் ஒவ்வொரு ஷாட்டாகத் திருகிக்கொண்டிருப்பார். பெரிய தப்பைவிட இந்தச் சின்னத் தப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

பட்டியலில் லீனியர் என்று ஒன்று இருக்கும். சிஜிக்கு (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்கு) கொடுக்கும் ஈஎக்ஸ்ஆர் ஃபைலுக்கு அது சரி, ப்ரோரெஸ்ஸுக்கு வேண்டவே வேண்டாம். லீனியரில் 10 பிட்டின் 1024 லெவலில் பாதி, அதாவது 512, மேலே இருக்கும் ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடும், அடுத்ததற்கு 256, ஆறாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிச்சம் 16தான். நிழல் பகுதியெல்லாம் படிக்கட்டாகிவிடும். அதே மாதிரி, தியேட்டருக்குப் போகிற படம்தானே என்று டிசிஐ-பி3யும் 2.6 காமாவும் வைக்க ஆசை வரலாம். அது 48 நிட்ஸ் வெளிச்சமுள்ள ப்ரொஜெக்டருக்கான கணக்கு, கிரேட் முடிந்த பிறகு டிசிபி (தியேட்டருக்குப் போகும் ஃபைல்) செய்கிறவர் அதையும் தாண்டி 12 பிட் எக்ஸ்ஒய்இசட் கலர் ஸ்பேஸுக்கு மாற்றிக்கொள்வார். உங்கள் கட்டத்தில் அதற்கு வேலை இல்லை.

சரி, வெளிறல் விவகாரம். ரெக்.709 ஃபைல் ரிசால்வில் நன்றாக இருந்து மேக்கின் க்விக்டைம் ப்ளேயரில் வெளுத்துத் தெரிந்தால், உங்கள் செட்டிங் தப்பில்லை. ஃபைலுக்குள் 1-1-1 என்று ஒரு டேக் போகிறது, மேக் அதை ஏறக்குறைய 1.96 காமாவாகப் படிக்கிறது, நீங்கள் கிரேட் செய்தது 2.4க்கு. எண்கள் மாறவில்லை, காட்டும் விதம்தான் மாறுகிறது. இதைச் சரிக்கட்ட கான்ட்ராஸ்டை ஏற்றி ரெண்டர் செய்தால் டிவியில் கறுப்பெல்லாம் அடைத்துப்போகும். மேக்கில் மட்டும் பார்க்கப் போகிற காப்பி என்றால் ரிசால்வில் ரெக்.709-ஏ டேக் இருக்கிறது, அதை வையுங்கள். மற்றபடி கலர் பற்றி முடிவெடுக்க வேண்டியது ஐஓ கார்டு (வீடியோ சிக்னலை நேராக மானிட்டருக்கு அனுப்பும் கார்டு) வழியாக வரும் காலிபரேட் செய்த மானிட்டரில், ப்ளேயர் விண்டோவில் இல்லை.

எல்லா ப்ளேயரிலும் ஒரே மாதிரி வெளிறி, கறுப்பு மட்டும் சாம்பலாகத் தூக்கிக்கொண்டிருந்தால் அது காமா அல்ல, லெவல். வீடியோ லெவலில் கறுப்பு 64, வெள்ளை 940. அந்த ஃபைலை சாஃப்ட்வேர் முழு ரேஞ்ச் என்று படித்தால் கறுப்பு 64இலேயே நின்றுவிடும். ரிசால்வின் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் டேட்டா லெவலை மாற்றிப் பாருங்கள், சரியாகிவிடும்.

கலரிஸ்டுக்கு அனுப்பும்போது ஃபோல்டரின் பெயரிலேயே கலர் ஸ்பேஸையும் காமாவையும் எழுதிவிடுங்கள், ரெட் தன் தளத்தில் இலவசமாகத் தரும் ஐபிபி2 லட்டுகளில் நீங்கள் எந்த லட் போட்டு மானிட்டரில் பார்த்தீர்களோ அதையும் கூடவே வையுங்கள். மொத்தத்தையும் ரெண்டருக்குப் போடுவதற்கு முன் ஒரு வெளிப்புற ஷாட், ஒரு இரவு ஷாட், ஒரு கிரே கார்டு, இந்த மூன்றை மட்டும் மாற்றி அவருக்கு அனுப்பி, திறக்கிறதா, கார்டு இடத்தில் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு மீதியை ராத்திரி ஓடவிடுங்கள்.