ராத்திரி ரோந்து போகலாமா?

கேள்வி: எங்களுடையது சின்ன பேரூராட்சி. மூன்று மாதத்தில் நான்கு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். தெருப் பையன்கள் கம்போடு ராத்திரி ரோந்து போகலாம் என்கிறார்கள், கேமராவுக்கு வசூலும் நடக்கிறது. இதெல்லாம் சட்டப்படி சரியா?
- தஞ்சாவூர் மாவட்ட வாசகர்

பதில்: தாராளமாகப் போங்கள், கம்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சாதாரண ஆளும் ஒருவரைப் பிடிக்கலாம்தான், ஆனால் 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றத்தை அவர் உங்கள் கண் முன்னால் செய்திருக்க வேண்டும் (கோர்ட் தலைமறைவுக் குற்றவாளி என்று அறிவித்தவரையும் பிடிக்கலாம்). பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ‘ஆளைப் பார்த்தாலே சந்தேகமா இருந்துச்சு’ என்பதெல்லாம் செல்லாது. அடிக்கிற உரிமை எந்தப் பிரிவிலும் கிடையாது.

2018 மே மாதம் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது, காரில் இருந்த பெரியம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பி ஊரே திரண்டு அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். அடித்தவர்களும் ஊரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அதனால் முதலில் ஸ்டேஷனில் போய் யார் யார், எந்தத் தெரு, எத்தனை மணி வரை என்று எழுதிக் கொடுங்கள். போலீஸ் ரோந்து வந்தால் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை உங்கள் தெருவிலும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகமாக யாரையாவது பார்த்தால் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு 112-க்குப் போன் போடுங்கள், நீங்களே விசாரணையில் இறங்க வேண்டாம்.

கேமரா நல்லதுதான். ஆனால் திறப்பு விழாவுக்கு வருகிற கூட்டம் ஆறு மாதம் கழித்து ஒயர் அறுந்தால் வராது, அதனால் வசூலில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பதிவாகிற பெட்டியையும் பத்திரமான இடத்தில் வையுங்கள், திருட வருகிறவன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போன கதைகள் உண்டு. இதற்கெல்லாம் முன்னால், எரியாத தெருவிளக்குகளின் கம்ப நம்பரை எழுதிப் பேரூராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பைசா செலவில்லை!

கேள்வி: வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லச் சொல்கிறார்கள். அங்கிருந்தே விஷயம் வெளியே போய்விடாதா?
- ஒரு வாசகி, பழனி

பதில்: உங்கள் பயம் புரிகிறது, ஆனாலும் சொல்லிவிட்டே போங்கள். விஷயத்தை முதலில் வெளியே சொல்வது உங்கள் வாசல்தான். நான்கு நாள் பேப்பர் அப்படியே கிடக்கும், கோலம் இருக்காது, கேட்டில் வெளிப்பக்கம் பெரிய பூட்டு தொங்கும். பேப்பரை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் ஒருவரிடம் வாசல் பெருக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஊட்டி போட்டோக்களைத் திரும்பி வந்து ஸ்டேட்டஸில் வைத்தால் போதும்.