சாக்ரமென்டோ பாட்டி வழக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

வயதான பெண்ணை வில்லியாக வைத்து த்ரில்லர் எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதற்கு நான் வருடக்கணக்காகப் படித்துவரும் டோரத்தியா புவென்டே வழக்கைப் பற்றிக் கேட்கலாம். எந்த மருந்து, எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: யார் இவர்?

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் எஃப் தெரு 1426ஆம் எண் வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டு ஆட்களைத் தங்கவைத்திருந்தவர். 1988 நவம்பரில் அவர் தோட்டத்தில் ஏழு உடல்கள் கிடைத்தன. ஒன்பது கொலைகள் என்று வழக்கு, 1993இல் மூன்றுக்குத்தான் தண்டனை, மற்ற ஆறில் ஜூரி ஒத்துப்போகவில்லை. 2011இல் சிறையிலேயே இறந்தார்.

கேள்வி: இத்தனை நாள் எப்படி மாட்டவில்லை?

நல்ல கேள்வி. தங்கியவர்கள் ஆதரவற்ற முதியவர்கள், மனநலம் சரியில்லாதவர்கள். அவர்களுக்கு மாதாமாதம் அரசு உதவித்தொகை செக் வரும், தபாலை வாங்குவது இந்த அம்மா. ஆள் செத்தாலும், செத்ததை யாரும் சொல்லாதவரை செக் வந்துகொண்டேதான் இருக்கும். இதைவிடக் கொடுமை, முதியவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத் திருடியதற்காக 1982லேயே தண்டனை பெற்று, 1985இல் வெளியே வந்தவர் இவர். முதியவர்களோடு சேரக் கூடாது, பிறர் செக்கைத் தொடக் கூடாது என்பது பரோல் நிபந்தனை. அதிகாரிகள் அந்த வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்! உங்கள் கதை விஷத்தில் இல்லை, இந்தக் காகிதத்தில் இருக்கிறது. கடைசியில், காணாமல்போன ஒருவர் மெக்சிகோ போய்விட்டார் என்று சொன்னதை ஒரு சமூகப் பணியாளர் நம்ப மறுத்ததால்தான் போலீஸ் வந்தது.

கேள்வி: என்ன மாத்திரை சார்?

அதைக் கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: தோண்டும்போதே தப்பினாராமே? லஞ்சமா?

லஞ்சமெல்லாம் இல்லை. முதல் உடல் கிடைத்த மறுநாள், பக்கத்து ஹோட்டலில் காபி குடிக்கப் போகலாமா என்று கேட்டார். துப்பறிவாளரே கூட்டத்தை விலக்கிக் கொண்டுபோய் விட்டார். அப்படியே லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஓட்டம். அங்கே மதுக்கடையில் பழகிய ஒருவர் டிவியில் பார்த்த முகம் என்று கண்டுபிடித்துச் சொல்ல, சில நாளில் கைது.

கேள்வி: இதைக் கதையில் எழுதினால் எடிட்டர் வெட்டுவாரே?

வெட்டட்டும். அப்போது அவர் கைதி இல்லை, கையில் போதிய ஆதாரமும் இல்லை, எதைச் சொல்லித் தடுப்பது?

கேள்வி: பின்னாலேயே ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமே?

சரி, அனுப்பியிருக்க வேண்டும். சட்டப்படி பிடித்து வைக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

கேள்வி: நழுவாதீர்கள். முப்பது வயது ஆணாக இருந்தால் காபிக்கு விட்டிருப்பார்களா?

விட்டிருக்க மாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். வெள்ளை முடி, பெரிய கண்ணாடி, மரியாதையான பேச்சு. வயது என்னவோ 59தான், ஆனால் எல்லாரும் பார்த்தது பாட்டியை.

கேள்வி: வயதான பெண்கள் விஷம் வைக்கும் ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ் நாடகம் இவர் கதையா?

இல்லை. அது 1941இலேயே பிராட்வேயில் மேடையேறிவிட்டது. அதற்குத் தூண்டுதல் கனெக்டிகட்டில் முதியோர் விடுதி நடத்தி, அங்கே விஷம் வைத்ததற்காக 1916இல் கைதான ஏமி ஆர்ச்சர்-கில்லிகன்.

கேள்வி: கதைக்காகத்தான் கேட்கிறேன், எத்தனை மாத்திரை...

எல்லாரும் கதைக்காகத்தான் கேட்கிறீர்கள். "ஏதோ கலந்தாள்" என்று எழுதுங்கள், போதும். அடுத்தது.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டி ராத்திரியில் தோட்டம் கொத்துகிறார், பயமாக இருக்கிறது.

பகல் வெயிலுக்குப் பயந்திருப்பார். போய்க் கொஞ்சம் கீரை கேட்டுப் பாருங்கள்.