'தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' பார்க்கலாமா? ஒரு மட்டமான படத்தை எடுத்த கதையை ஏன் இன்னொரு படமாக எடுக்க வேண்டும்?

பார்க்கலாம். அவசியம் பாருங்கள். நண்பர்கள் யாரோ 'தி ரூம்' படத்தின் மொட்டைமாடிக் காட்சியை உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள், நீங்களும் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள், பிறகுதான் இந்தக் கேள்வி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அந்த மூலப்படத்தை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அப்புறம் இதைப் பாருங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டாமி வைசோ என்பவர் தானே எழுதி, தயாரித்து, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்த படம் 'தி ரூம்'. 2003 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் வெளியானது. செலவு 60 லட்சம் டாலர் என்பார்கள். இரண்டு வாரத்தில் வசூல் சுமார் 1,800 டாலர். ஒரே காட்சியை ஃபிலிம் கேமராவிலும் டிஜிட்டல் கேமராவிலும் ஒரே நேரத்தில் எடுத்தார். அதில் நடித்த அவருடைய நண்பர் கிரெக் செஸ்டெரோ 2013இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அதைத்தான் ஜேம்ஸ் பிராங்கோ 2017இல் படமாக்கினார், வைசோவாக நடித்ததும் அவரே. அந்த நடிப்புக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

இதில் எனக்கு என்ன வந்தது என்றால், நானும் அப்படி ஒரு படத்தில் வேலை பார்த்தவன். கன்டினியூட்டி பார்த்த உதவி இயக்குநர், அதாவது உடை, மேக்கப், நிற்கும் இடம் எல்லாம் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் மாறாமல் பார்த்துக்கொள்பவன். பிராங்கோ படத்தில் சேத் ரோகன் செய்திருக்கும் வேலை ஏறக்குறைய அதுதான்.

2009. கோபிப் பக்கம் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் இரண்டு ஏக்கர் தோட்டத்தை விற்றுவிட்டு வந்தார். கதை, தயாரிப்பு, கதாநாயகன் எல்லாம் அவர். பெயர் சொல்லமாட்டேன், படத்தின் பெயரையும் கேட்காதீர்கள். வயது நாற்பத்தைந்து. லைட்மேனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். அன்றன்றைக்குப் பேட்டா அன்றன்றைக்கே கைக்கு வந்துவிடும், பேக்கப் சொன்ன அரை மணியில். சேத் ரோகன் செக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், பணம் நிஜமாகவே வந்ததும் திகைத்து நிற்கும் இடம் வரும். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. இதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஒரு பெரிய நிறுவனம் நாலு மாதச் சம்பளத்தை இன்றுவரை தரவில்லை. அலுவலக வாசலில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால், 'சார் டிஸ்கஷன்ல இருக்காரு' என்று மாலை வரை சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் படத்துக்கு நல்ல விமர்சனம் வந்தது. எங்கள் வயிற்றில் அடித்ததை எந்த விமர்சனத்திலும் யாரும் எழுதவில்லை. சரி, அதை விடுங்கள்.

ஒரு காட்சி. மகன் அப்பாவிடம், "அப்பா, இந்த வீட்ட விக்க வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். வசனம் அவ்வளவுதான். காட்சி முழுவதையும் தூரத்தில் இருந்து எடுக்கும் மாஸ்டர் ஷாட்டைக் காலையில் எடுத்துவிட்டோம். மதியம் குளோசப். அவருக்கு வசனத்துக்கு முன்பே அழுகை வந்துவிடும், நாக்கு குழறிவிடும். "தம்பி, இன்னொருக்கா போலாமுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். பதினான்கு டேக் போனது. வைசோவின் மொட்டைமாடி வசனத்துக்கு 32 டேக் ஆனதாக செஸ்டெரோ எழுதியிருக்கிறார். அதைப் படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். 400 அடி ஃபிலிம் ரோல் என்பது நாலரை நிமிடம்கூட வராது. ஒவ்வொரு 'ஒன் மோர்' சொல்லும்போதும் அந்தத் தோட்டத்தில் ஒரு துண்டு போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

பதினான்காவது டேக்குக்கு முன்னால், அழுததிலும் வியர்வையிலும் காட்சிப்படி காயத்துக்காக அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி கழன்று விழுந்தது. மேக்கப் மேன் சாப்பிடப் போயிருந்தார். கேமராமேன் வெளிச்சம் போகிறது என்று கத்தினார். நானே எடுத்து ஒட்டினேன். காலையில் எடுத்த ஸ்டில் என் பையில் இருந்த கேமராவிலேயே இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரே நின்றதில் இடம் வலம் மாறிப்போனது. அந்த டேக் தான் ஓகே ஆனது. எடிட்டிங்கில் பார்த்தபோது திரும்ப எடுக்கப் பணம் இல்லை.

மூன்று தியேட்டரில் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டது. பல வருடம் கழித்து யாரோ அந்தக் காட்சியை மட்டும் வெட்டி இணையத்தில் போட்டார்கள். காயமே இடம் மாறுகிறது என்று ஊரே சிரித்தது. முகம் அவருடையது, பிழை என்னுடையது.

பிராங்கோ படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் காட்சியன்று ஜனங்கள் சிரிக்கிறார்கள், வைசோ உடைந்து வெளியே போகிறார், நண்பர் தேற்றுகிறார், உள்ளே வந்தால் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். எல்லாம் ஒரே இரவில். நடந்தது அப்படி இல்லை. காலித் தியேட்டரில் கடைசி நாட்களில் பார்த்த சில இளைஞர்கள் நண்பர்களைக் கூட்டி வந்து, நள்ளிரவுக் காட்சிகள் தொடங்கி, திரையை நோக்கி பிளாஸ்டிக் ஸ்பூன் வீசும் கூட்டம் சேர்வதற்கு வருடக்கணக்கானது. அதுவரை ஹாலிவுட்டில் தன் முகம் போட்ட விளம்பரப் பலகைக்கு ஐந்து வருடம் வாடகை கட்டினார் அந்த மனுஷன். அந்த வருடங்களைத்தான் நான் திரையில் பார்க்க நினைத்தேன். அந்தக் கைதட்டல் எங்கள் அரிசி மண்டி அண்ணனுக்கு வரவே இல்லை.

'காசு கொடுத்துப் பார்ப்பவனுக்குச் சிரிக்க உரிமை இல்லையா' என்று யாராவது வருவீர்கள். இருக்கிறது. படம் மோசம்தான், அதை நான் மறுக்கவில்லை. காசு கொடுக்காமல் முப்பது விநாடி மட்டும் பார்த்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கடைசியில் எழுந்து போய்விடாதீர்கள். மூலப்படக் காட்சியையும் இவர்கள் நடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவார்கள். கை அசைவு, நிற்கும் இடம், பேச்சின் தடுமாற்றம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் குறிப்பெடுத்து, அது மாறாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அந்தக் கிளிப் சுற்றிய வாரம் அண்ணன் எனக்கு போன் செய்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுத்தேன், அவர் விடவில்லை.

"தம்பி, அந்தப் பிளாஸ்திரி நீங்க ஒட்டுனதுன்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க. அப்பறம் உங்கள வேலைக்குக் கூப்பிடமாட்டாங்க."