சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு: வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொலை வழக்குகளைப் பற்றித்தான். ஊர் வேறு, சம்பவம் வேறு என்றாலும் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: யாரும் நேரில் பார்க்காத கொலையைக் கோர்ட் எப்படி எடை போடுகிறது? அதனால் இந்தத் தடவை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கண்ணால் பார்த்த சாட்சி இல்லையென்றால் கேஸ் நிற்காது என்று சினிமாவில் அடிக்கடி சொல்கிறார்களே, நிஜமா சார்? (கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: இல்லை தம்பி, நிற்கும். கொலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்று கட்டாயம் வைத்தால் பாதி வழக்குகளைத் தொடங்கவே முடியாது. உங்கள் தாத்தா பாட்டியிடம் ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1952 ஆகஸ்டில் சென்னையில் பேனா வியாபாரி ஒருவர் காணாமல் போனார். ராமேஸ்வரம் பக்கம் போன ரயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல் கிடைத்தது, தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. வெட்டியதைப் பார்த்தவர் என்று யாரும் இல்லை. ஆனால் தலையும் உடலும் ஒருவருடையதே என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அங்கே பதிவாகியிருந்த கைரேகையோடு பிணத்தின் கைரேகை பொருந்தியது. அவர் கடைசியாகப் போன வீட்டுக்காரர்கள் ஊரை விட்டே போய், பம்பாயில் பிடிபட்டார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்துத்தான் சென்னை ஐகோர்ட்டில் தண்டனை வந்தது. இதைத்தான் சந்தர்ப்ப சூழ்நிலை சாட்சியம் என்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண் இறந்துபோனாள். புருஷன்தான் காரணம் என்று தெரு முழுக்கத் தெரியும். அவன் சொன்னதெல்லாம் பொய் என்று கோர்ட்டிலேயே வெளியானது. கடைசியில் 'சந்தேகத்தின் பலன்' என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பலனைச் செத்தவளுக்கு ஏன் கொடுக்கக் கூடாது? (ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்கு அவசரமாகப் பதில் எழுத மனசு வரவில்லை, இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன். உங்கள் ஊர் வழக்கின் தீர்ப்பை நான் படிக்கவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது, இன்றைக்கும் எந்த செஷன்ஸ் கோர்ட்டில் சந்தர்ப்ப சாட்சியம் பற்றி வாதம் நடந்தாலும் அதன் பெயரைச் சொல்லாமல் யாரும் உட்காருவதில்லை. மகாராஷ்டிராவின் சர்தா வழக்கு. 1982 பிப்ரவரியில் கல்யாணம், ஜூன் மாதம் புனேயில் ஓர் இரவில் அந்தப் பெண் இறந்துகிடந்தாள், வயிற்றில் பொட்டாசியம் சயனைடு. நாலே மாதம். அவள் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய கடிதங்கள் கிடைத்தன, புருஷன் தன்னை ஒதுக்குகிறான் என்ற வேதனை அவற்றில் இருந்தது. விசாரணைக் கோர்ட் தூக்கு விதித்தது. பம்பாய் ஐகோர்ட் அதை உறுதி செய்தது. 1984 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது.

முதலில் படித்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது, அப்போது நான் ஜூனியர். சீனியர் சொன்னாரே என்று திரும்ப உட்கார்ந்து, வரி வரியாகப் படித்த பிறகுதான் எங்கே இடிக்கிறது என்று புரிந்தது. அந்தக் கடிதங்களைப் புருஷனுக்கு எதிராகவும் படிக்கலாம், வாழ்க்கையே வெறுத்துப்போன ஒரு பெண் தன் கையாலேயே விஷத்தைக் குடித்திருக்கலாம் என்றும் படிக்கலாம். இரண்டுமே அதே காகிதத்தில், அதே எழுத்தில் இருக்கின்றன. விஷக் கொலை என்றால் நாலு விஷயங்கள் நிரூபணமாக வேண்டும் என்றது கோர்ட்: கொல்வதற்கு நோக்கம் இருந்ததா, சாவு அந்த விஷத்தால்தானா, அந்த விஷம் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) கையில் இருந்ததா, கொடுக்க வாய்ப்பு இருந்ததா. சயனைடு அவர் கையில் இருந்தது என்பதற்கு ஒழுங்கான சாட்சியம் வரவில்லை. அப்போது நீதிபதி முர்தஸா ஃபசல் அலி எழுதிய ஐந்து விதிகளைத்தான் எங்கள் தொழிலில் பஞ்சசீலம் என்கிறோம், தீர்ப்பிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் நம் ஜோலார்பேட்டைக்காரர், ஏ. வரதராஜன்.

ஐந்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது முதலாவது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுசாக நிரூபணமாகியிருக்க வேண்டும், 'இருக்கலாம்' என்பது போதாது, 'இருந்தே தீர வேண்டும்' என்று வர வேண்டும். கேட்கச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். ஆனால் பத்து 'இருக்கலாம்'களை வரிசையாக அடுக்கினால் நம் மனசு தானாகவே அதை ஒரு கதையாக்கிவிடும், கதை ஆனதும் ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது, நானே பல தடவை அப்படி விழுந்திருக்கிறேன். அடுத்து, நிரூபணமானவை எல்லாம் சேர்ந்து அவர் குற்றவாளி என்ற ஒரே முடிவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், வேறு நியாயமான விளக்கம் எதற்கும் இடம் இருக்கக் கூடாது. புருஷன் சொன்னது பொய் என்றீர்களே, அதைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. சாட்சியங்களின் சங்கிலி ஏற்கெனவே முழுசாக இருந்தால் எதிரியின் பொய் அதில் கூடுதலாக ஒரு கண்ணி. சங்கிலியில் கண்ணி விட்டுப்போயிருந்தால் அவருடைய பொய்யை வைத்து அதை ஒட்ட முடியாது. பயத்தாலும் மானத்துக்காகவும் பொய் சொல்கிறவர்கள் கொலைகாரர்கள் மட்டும் இல்லையே.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. நம் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுகிறோம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. வழக்கு நம்பர் விழுந்த அன்றைக்கே அவருக்கு அந்தப் பெயர் வந்துவிடுகிறது. தீர்ப்பு வரும்வரை அவர் நிரபராதி என்று சட்டம் சொல்ல, தினமும் பத்துத் தடவை அவரை எதிரி என்று கூப்பிட்டால் கேட்கிறவர் மனசில் எது தங்கும்? நான் வாதம் செய்யும்போது முடிந்த மட்டும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். செத்த பெண்ணுக்குச் சேர வேண்டியது ஒழுங்கான விசாரணை அம்மா. கோர்ட்டில் வந்து நிற்கிற சந்தேகங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு நாளில் போலீஸ் செய்யாமல் விட்ட வேலைகள். அறையைச் சீல் வைக்காமல் ஊர் முழுக்க உள்ளே போய் வந்திருக்கும், உள்ளுறுப்பு மாதிரி ஆய்வகத்துக்கு வாரக்கணக்கில் தாமதமாகப் போயிருக்கும், பக்கத்து வீட்டுக்காரரின் வாக்குமூலம் இரண்டு மாதம் கழித்து எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறையை நீதிபதி தன் ஊகத்தால் நிரப்பித் தண்டனை கொடுக்க ஆரம்பித்தால், அப்புறம் எந்த போலீஸ்காரரும் ஒழுங்காக விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்காது. உங்கள் கோபம் நியாயமானது, அது போய்ச் சேர வேண்டிய இடம் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: செத்தவரோடு கடைசியாக இருந்தது அவன்தான், சிசிடிவியில் இருக்கிறது, செல்போன் டவரும் காட்டுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? (வாசகர், ஓசூர்)

பதில்: கடைசியாகச் சேர்ந்து பார்த்த நேரத்துக்கும் செத்த நேரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம், ஆள் நடமாட்டமில்லாத இடம் என்றால் அது பலமான சாட்சியம். ராத்திரி எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாக டீ குடித்தார்கள், உடல் கிடைத்தது மறுநாள் மத்தியானம் என்றால் நடுவில் யார் வேண்டுமானாலும் வந்திருக்கலாம். டவர், போன் இருந்த வட்டாரத்தைக் காட்டும், போனை யார் வைத்திருந்தார் என்று காட்டாது. சிசிடிவி பதிவை நகல் எடுத்துத் தாக்கல் செய்தால் அதற்கான சான்றிதழும் கூடவே வர வேண்டும், அது இல்லாமல் விழுந்த வழக்குகள் நிறைய.

கேள்வி: வீட்டுக்குள் நடந்த கொலை. உள்ளே இருந்தவர்கள் வாயே திறக்கவில்லை. பேசாமல் இருந்தே தப்பித்துவிடலாமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: முடியாது ஐயா. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை அவர்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவு சொன்னது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 109. 2006-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த திரிமுக் கிர்கன் வழக்கில், மனைவி பாம்பு கடித்துச் செத்தாள் என்றார்கள், பிரேதப் பரிசோதனையில் கழுத்தை நெரித்தது தெரிந்தது. வீட்டுக்குள் நடந்ததற்குக் கணவரிடம் உண்மையான விளக்கம் இல்லை என்பதும் அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்பட்டது, தண்டனை நின்றது.

ஆனால் இந்தப் பிரிவை முதலிலேயே தூக்கிக்கொண்டு வர முடியாது. அரசுத் தரப்பு தன் அடிப்படையை நிரூபித்த பிறகுதான் விளக்கம் சொல்லும் பொறுப்பு அந்தப் பக்கம் போகும். 2008 நொய்டா இரட்டைக் கொலையை நாடே பார்த்தது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையின் உடல் அவள் அறையில். வீட்டு வேலைக்காரர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள், அவருடைய உடல் அதே கட்டடத்து மொட்டை மாடியில் மறுநாள்தான் கிடைத்தது, முதல் நாள் மாடிக் கதவின் பூட்டை யாரும் திறந்து பார்க்கவில்லை. சிபிஐ போதுமான ஆதாரம் இல்லையென்று முடித்துக்கொள்ள அறிக்கை கொடுத்தது, கோர்ட் அதை ஏற்காமல் பெற்றோரையே விசாரணைக்கு இழுத்தது. 2013 நவம்பரில் ஆயுள் தண்டனை, 2017 அக்டோபரில் அலகாபாத் ஐகோர்ட்டில் விடுதலை. வெளியாள் உள்ளே வந்திருக்கவே முடியாது என்று அரசுத் தரப்பு காட்டவில்லை, அப்படிக் காட்டாதபோது பெற்றோரின் மௌனத்தை வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தப் பூட்டை அன்றைக்கே உடைத்திருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், அந்தக் குழந்தையை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

கேள்வி: போலீசில் ஒப்புக்கொண்டு கத்தியையும் எடுத்துக் கொடுத்துவிட்டான் என்று பேப்பரில் வருகிறது. அப்புறம் ஏன் வருஷக்கணக்கில் விசாரணை? (குடும்பத் தலைவி, ஈரோடு)

பதில்: போலீசிடம் கொடுத்த ஒப்புதலைக் கோர்ட் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. ஸ்டேஷனில் எப்படி ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததுதான். அவர் சொன்னதால் ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பொருளைப் பற்றிய பகுதிக்கு மட்டும் மதிப்பு. சென்னை ஐகோர்ட்டிலிருந்து லண்டனில் இருந்த அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில்வரை போன புலுக்குரி கொட்டையா வழக்கு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது: 'கூரையில் ஒளித்து வைத்த கத்தியை எடுத்துத் தருகிறேன்' என்பதை ஏற்கலாம், 'அதால்தான் அவனைக் குத்தினேன்' என்பதைச் சேர்க்கக் கூடாது. கத்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பது வரைக்கும்தான் அது நிரூபிக்கும். நம் ஊரில் இன்னொரு வழக்கம், எதிரி தானாகவே விஏஓ முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார் என்பது. முன்பின் பழக்கமில்லாத ஒரு விஏஓவைத் தேடிப்போய் ஒரு மனிதர் ஏன் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும்? அதைக் கேட்காமல் எந்த நீதிபதியும் நகர்வதில்லை, நகரவும் கூடாது.

கேள்வி: என் தம்பியைக் கொன்றதாகச் சொல்லப்பட்டவர் போன மாதம் விடுதலை ஆகிவிட்டார். இனி எங்களால் எதுவுமே செய்ய முடியாதா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: முடியும். அரசு அப்பீல் போகும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, பாதிக்கப்பட்ட குடும்பமே விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 திருத்தத்திலேயே வந்துவிட்டது, இப்போது குற்ற நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 413-வது பிரிவு. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: விடுதலை ஆனவரின் நிரபராதி என்ற நிலை இன்னும் பலமாகிவிடுகிறது, இரண்டு முடிவுக்கும் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் மேல் கோர்ட் பொதுவாகத் தலையிடாது. அதனால் முதல் வேலையாகத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுங்கள். எந்தச் சூழ்நிலை நிரூபணமாகவில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார், அந்தச் சாட்சியம் ஆவணத்தில் இருந்தும் அவர் பார்க்காமல் விட்டாரா, இல்லை அது கோர்ட்டுக்கே வரவில்லையா என்று ஒரு கிரிமினல் வக்கீலோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பாருங்கள். முதலாவது என்றால் அப்பீலில் பலம் இருக்கிறது. நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.